உலகப் படம் பார்க்க ஆறு சனிக்கிழமைகள்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. சினிமா என்றால் அவருக்கு உயிர். நாமக்கல் கொட்டகைகளுக்கு வரும் தமிழ்ப் படங்களில் அவர் பார்க்காதது அநேகமாக ஒன்றுமில்லை. அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு நாள், "பிற நாட்டுப் படங்கள் ஏதாவது பார்ப்பதுண்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"வெளிநாட்டுப் படத்திலே ரெண்டே தினுசுதானுங்க" என்றார் அவர். "ஒண்ணிலே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதாச்சும் வெடிக்கும். இன்னொண்ணிலே கடைசி வரைக்கும் ஒண்ணுமே நடக்காது. முதல் தினுசைப் பசங்க பாக்கறாங்க. ரெண்டாவது தினுசை யாரு பாக்கறாங்களோ, தெரியலீங்க!"

இந்த அபிப்பிராயம் என் சிநேகிதருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் படித்த குடும்பங்கள் பலவற்றில் இதே எண்ணந்தான் குடிகொண்டிருக்கிறது. அயல் நாட்டில் பரிசு பெற்ற படம் என்று கேள்விப்பட்டால், அது நமக்கு விளங்காது என்று முன்கூட்டியே தீர்மானம் செய்துவிடுகிறார்கள். பட்டணத்து மேதாவிகள் தாடியைத் தடவிக்கொண்டு பார்க்க வேண்டிய சமாசாரம் என்று ஒதுக்கி வைத்து விடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், 'ஒன்றுமே நடக்காத' அந்தப் படங்களில் நடப்பவை எல்லாம் நம் சேலம், நாமக்கல் சீமையில் தினந்தோறும் நடப்பவைதாம். அடகுக் கடை, சர்க்கார் ஆபீஸ், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் பிள்ளை, தனியாக ஊரில் இருக்கும் தாய் தகப்பன்: இவைதாம் அவற்றின் விஷயங்கள். இவற்றைப் புரிந்துகொள்ள மேதாவித்தனம் ஏன்? கொஞ்சம் பொறுமையும், ஆறு சனிக்கிழமை இரவுகளும் இருந்தால் போதும்.

* * *

அயல் நாட்டுப் படம் நமக்குப் புதிய விருந்தாளியும் அன்று. 1905-ஆம் ஆண்டில், திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கினார். நம் பாட்டன்மாரும் முப்பாட்டன்மாரும் அந்நாளில் கூடாரங்களில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவை பெரும்பாலும் அயல் நாட்டுப் படங்களே. ஊமைப் படங்களின் காலத்தில் திரையோரம் ஒரு மனிதர் நின்றுகொண்டு, எழுத்து தோன்றும்போதெல்லாம் அதை உரக்கப் படித்துக் கதையை விளக்குவது வழக்கமாயிருந்தது. எழுத்தறியாதவர்களும் அந்தக் குரலைக் கேட்டு அழுதார்கள், சிரித்தார்கள். 'எங்களுக்குப் புரியாது' என்று எழுந்து போகவில்லை.

பிற்பாடு சேலமே உலகத்தைத் தன்னிடம் வரவழைத்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் நெசவுத் தொழில் படிப்பதற்காக இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்குச் சென்றவர். திரும்பி வந்து, சேலத்தில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டுடியோவை நிறுவினார். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938-ல் அங்கேதான் பிறந்தது. முழு நீளத் தமிழ்ப் படத்தில் முதன்முதலாக வர்ணம் பூத்ததும், 1956-ல், சேலத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் பிறந்து, தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்த எல்லிஸ் டங்கன், 1950-ல் 'மந்திரி குமாரி'யையும் 'பொன்முடி'யையும் எடுத்தது இந்தக் கம்பெனிக்காகவே. நாமக்கல்லின் பங்கும் குறைந்ததல்ல. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவல் 1954-ல் தமிழ்ப் படமாயிற்று. அதே கதை தெலுங்கு, ஹிந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய பாஷைகளிலும் திரைக்குச் சென்றது. நம் ஊர்க் கதையை ஆறு பாஷைக்காரர்கள் கேட்டார்கள். ஆறு பாஷைக் கதைகளைக் கேட்க நாம் தயங்கலாமா?

"பாட்டே இல்லாமல் எப்படி ஐயா உட்கார்ந்திருப்பது?" என்று சிலர் கேட்கலாம். 1954-ல் எஸ். பாலசந்தர் ஏ. வி. எம். ஸ்டுடியோவுக்காக எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்தப் படத்துக்கு முன்னோடி, 1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்ற 'ரஷோமோன்' என்ற ஜப்பானியப் படம். ஆகவே, பாட்டின்றி உட்காரும் தைரியம் தமிழருக்கு என்றோ வந்துவிட்டது. ('ரஷோமோன்' பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டியது.)

* * *

இனி, பார்க்கும் முறை. வீட்டில் பெரிய டெலிவிஷன் இருந்தால் நல்லது. கைபேசிகளைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுங்கள். திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் வரிகளைப் படிக்கத் தெரிந்த பையனையோ பெண்ணையோ பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். கூடாரத்தில் திரையோரம் நின்ற அந்த மனிதரின் வேலையை இப்போது உங்கள் பேத்தி செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிஷம் எந்தப் படத்தையும் குறை சொல்வதில்லை என்று ஒரு நிபந்தனையும் இருக்கட்டும்.

முதல் சனிக்கிழமைக்கு ஈரான் தேசத்துப் படம் ஒன்று: மஜீத் மஜீதி டைரக்ட் செய்து 1997-ல் வெளியான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. அலி என்ற சிறுவன் தங்கையின் செருப்பைத் தைத்து எடுத்துக்கொண்டு வரும் வழியில், காய்கறிக் கடையில் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டிலோ வாடகை பாக்கி, தாயாருக்கு உடம்பு சரியில்லை. தகப்பனாரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்! அண்ணனும் தங்கையும் ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். இருப்பது அலியின் ஒரே ஜோடி. காலையில் அதைத் தங்கை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவது. அவள் ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுத்ததும், அலி மாட்டிக்கொண்டு தன் பள்ளிக்கு ஓடுவது. பிறகு ஓர் ஓட்டப் பந்தயம் வருகிறது. மூன்றாவது பரிசு ஒரு ஜோடி பூட்ஸ். உலகத்திலேயே முதல் பரிசை வெறுத்து மூன்றாவது பரிசுக்காகப் பிரார்த்தனை செய்த பையன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்!

இந்தப் படத்தில் ஒரு சின்னக் காட்சி. தகப்பனார் மசூதிக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக் குவித்துக்கொண்டிருக்கிறார். மகள் டீ கொண்டு வருகிறாள். அதற்குச் சர்க்கரை கேட்கிறார். "இங்கேதான் இவ்வளவு இருக்கிறதே?" என்கிறாள் குழந்தை. அது மசூதிச் சர்க்கரை, நம்முடையதல்ல என்கிறார் அவர். உபதேசம் அவ்வளவுதான். வறுமையில் இருப்பவன் எப்படி நிமிர்ந்து இருக்கிறான் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் நான் அறியேன்.

இரண்டாவது சனிக்கிழமை இத்தாலிக்குப் போவோம். விட்டோரியோ டி சீகா 1948-ல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்', யுத்தம் முடிந்த ரோமாபுரியில் நடக்கிறது. வேலையில்லாத அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் உத்தியோகம் கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. அவன் மனைவி கட்டிலில் விரித்திருந்த துப்பட்டிகளை உருவி மூட்டை கட்டுகிறாள். அவற்றை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயரமான அடுக்குகளில் ஏறுகிறான். அங்கே மேலும் மேலும் துப்பட்டி மூட்டைகள்! ஒரு நகரத்தின் துயரமெல்லாம் அந்த ஓர் ஏணியில் தெரிகிறது. தறியை நம்பிப் பிழைக்கும் நம் ஊர்களில், நூல் விலை ஏறிய மாதத்தில் நகைக் கடன் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

வேலையின் முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. தகப்பனும் சிறுவன் புரூனோவும் நகரமெல்லாம் தேடுகிறார்கள். அன்டோனியோவாக நடித்தவர் நடிகரே அல்ல. தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தொழிலாளி. இந்தப் படத்தை 1950-ல் லண்டனில் பார்த்த வங்காளத்து வாலிபர் ஒருவர், நட்சத்திரங்களும் ஸ்டுடியோவும் இல்லாமல் நாமும் இப்படி எடுக்கலாமே என்று நிச்சயம் செய்துகொண்டார். அவர்தான் சத்யஜித் ரே. 1955-ல் அவருடைய 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஒரு படத்தை ஊன்றிப் பார்ப்பதால் என்ன விளையும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவது, நான்காவது சனிக்கிழமைகள் ஜப்பானுக்கு. அகிரா குரோசவா 1952-ல் எடுத்த 'இகிரு' ஒரு முனிசிபல் ஆபீஸில் ஆரம்பமாகிறது. சாக்கடைத் தண்ணீர் தேங்கும் இடத்தைத் தூர்த்துக் குழந்தைகளுக்கு விளையாடும் இடமாகச் செய்து தாருங்கள் என்று சில பெண்கள் மனுக் கொடுக்க வருகிறார்கள். இந்த இலாகாவில் அந்த இலாகாவுக்குப் போகச் சொல்கிறார்கள்; அங்கே போனால் இன்னோர் இலாகா. சுற்றிச் சுற்றிக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். இந்தப் பகுதியைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் இருந்தால் அவர் இதுவரை மனுவே எழுதாதவராக இருக்க வேண்டும். அந்த ஆபீஸில் ஏறக்குறைய முப்பது வருஷம் முத்திரை குத்தியே காலம் கழித்த வதனாபே என்ற அதிகாரிக்கு, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. மிஞ்சியிருக்கும் சில மாதங்களில் அவர் என்ன செய்தார் என்பதே கதை. பென்ஷனுக்குக் காத்திருப்பவர்களும், உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க வேண்டிய படம்.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றி எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. சின்ன ஊரில் வசிக்கும் வயோதிகத் தம்பதிகள், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். மகன் டாக்டர், மகள் தலை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு நேரந்தான் இல்லை. பெற்றோரைச் செலவு குறைவாகக் கவனிக்க வழி தேடி, ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். யுத்தத்தில் இறந்துபோன மகனின் விதவை மனைவி நோரிகோ ஒருத்திதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். சண்டை இல்லை, வசை இல்லை, ஓலம் இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண் மட்டத்தில் காமிரா அசையாமல் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

இந்தப் படத்தைத்தான் அந்த லாரி ஆபீஸ் சிநேகிதருக்கு நான் சிபாரிசு செய்தேன். திங்கட்கிழமை காலையில் டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஒண்ணுமே நடக்கலீங்க" என்றார்.

"நான்தான் சொன்னேனே!" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பெரியவரு உக்காந்திருக்கிறது அப்படியே எங்க அய்யன் மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அவருடைய தகப்பனார் சேந்தமங்கலத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போனால் அரை மணிப் பிரயாணந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரைப் பார்க்க ஆபீஸுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருப்பதாக அடுத்த கடைக்காரர் சொன்னார்.

* * *

ஐந்தாவது சனிக்கிழமைக்குச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். எர்மன்னோ ஓல்மியின் 'தி ட்ரீ ஆஃப் உடன் க்ளாக்ஸ்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1978-ல் கான் விழாவின் உயர்ந்த பரிசான தங்க ஓலையைப் பெற்ற இந்தப் படம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியில் ஒரு பண்ணையில் வாழ்ந்த குடியானவர்களின் கதை. குடியிருக்கும் வீடு, உழும் நிலம், நிற்கும் மரம் எல்லாம் மிராசுதாருடையவை. விளைச்சலிலும் பெரும் பங்கு அவருக்கே. நடித்தவர்கள் அந்தப் பெர்கமோ வட்டாரத்துக் குடியானவர்களே. பேசுவதும் அவர்களுடைய கொச்சை மொழியே.

ஒரு குடியானவரின் மகன் சூட்டிகையான பையன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று பாதிரியார் சொல்கிறார். பல மைல் நடந்து போய்ப் படிக்கிறான். ஒரு நாள் அவனுடைய மரக்கட்டைச் செருப்பு உடைந்துபோகிறது. இரவில் தகப்பன் மிராசுதாரின் மரம் ஒன்றை வெட்டி, மகனுக்குப் புதுச் செருப்புச் செதுக்குகிறான். அந்த ஒரு மரத்துக்காக என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைப் படத்தில் காண்க. இடையிடையே சிறு சந்தோஷங்களும் உண்டு. கிழவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் கோழி எருவைப் போட்டு, ஊரில் எல்லாருக்கும் முன்பாகத் தக்காளி பழுக்க வைக்கிறார்! கோழி எருவின் மகிமையை நாமக்கல் ஜில்லாவாசிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? (பன்றி அறுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது, சிறு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.)

இந்தப் படத்தைப் பார்த்தபின், நம் சீமையிலேயே பிறந்த ஒரு கதையைப் பார்ப்பது பொருத்தமாயிருக்கும். திருச்செங்கோட்டு வட்டாரத்து எழுத்தாளர் பெருமாள்முருகனின் சிறுகதையை வைத்துத் தமிழ் என்ற டைரக்டர் எடுத்த 'சேத்துமான்' 2022-ல் வெளிவந்தது. அதிலும் ஓர் ஏழைக் கிழவர் பேரனை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். அவருக்கும் படிப்புக்கும் நடுவில் ஜாதி நிற்கிறது. இத்தாலிக் குடியானவனையும் நம் கொங்குக் கிழவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தூரத்து ஊரின் அநீதியைக் கண்டு கலங்கிய அதே கண், பக்கத்துத் தெருவின் அநீதியையும் காணக் கற்றுக்கொள்ளும். அந்நியப் படங்களால் நமக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆறாவது சனிக்கிழமை தமிழ்நாட்டிலேயே இருந்துவிடுவோம். மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன், சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேலைக்குப் போனான். பிறகு சென்னையில் டி.வி.டி. விற்கும் கடையில் வேலை பார்த்தான். அங்கே உலகத்துப் படங்களை எல்லாம் பார்த்தான். அந்தப் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் விழாவில் புலிப் பரிசைப் பெற்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவர, குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும் வழியெல்லாம் பொட்டல் வெயிலில் நடை. கதை இவ்வளவுதான். ஊற்றில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மொள்ளும் பெண்களைக் காணும்போது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளை இந்தியா முழுவதும் அனுப்பும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கும் நெஞ்சு வறளும்.

* * *

இவற்றை எங்கே பார்ப்பது? ஓ.டி.டி. என்று சொல்லப்படும் இணையவழிச் சேவைகளில் இவற்றில் சில அவ்வப்போது கிடைக்கின்றன. பெயரைத் தட்டித் தேடினால் இருப்பதும் இல்லாததும் தெரிந்துவிடும். 2003-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஒரு முறை போய்வருவதும் நல்லது. எல்லாவற்றையும்விட மேலானது, தெருவில் நாலு குடும்பங்கள் சேர்ந்து, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுவது. கடைசியில் சண்டை போட்டுக்கொள்ள ஆள் வேண்டாமா? படம் முடிந்த பிறகு நடக்கும் விவாதத்தில்தான் பாதிப் படம் இருக்கிறது.

ஏற்காட்டுக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த ஸ்டுடியோவில் கண்ணுக்குத் தெரிய எஞ்சியது அதுதான். மலைக்குப் போகும் கார்கள் வேகத்தைக் குறைக்காமல் அதைத் தாண்டிச் செல்கின்றன. ஒரு காலத்தில் அந்த வளைவின் வழியாக உலகம் சேலத்துக்குள் வந்தது. இனி அது நம் வீட்டு வாசல் வழியாக வரட்டும்.

வருகிற சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். பாட்டிக்கு ஒரு நாற்காலி, பேத்திக்கு ஒரு மனை. முதல் படம் ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றியது. தொண்ணூறு நிமிஷங்கூட ஓடாது.